திருப்பிப் பார்க்காத சீட்டு

உங்களுக்கும் அந்த மாத்திரை ஞாபகம் இருக்கும். பாதி சிவப்பு, பாதி கறுப்பு. நம் வயதுக்காரர்கள் யாரும் அதை விழுங்காமல் வளர்ந்திருக்க முடியாது. மூக்கு ஒழுகினால் அது. இருமினால் அது. மழையில் நனைந்து வந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று அது. அப்பா பஸ் ஸ்டாண்டில் மூட்டை இறக்குகிறவர். வேலை முடிந்து வரும்போது பே கோபுரத் தெரு முனை மெடிக்கல் ஷாப்பில் நின்று, "பசங்களுக்கு சளிண்ணா, ஒரு நாலு குடு" என்பார். மெடிக்கல்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி நாலு கொடுப்பார். இரண்டு வேளையில் சளி கம்மியானதுபோலத் தெரிந்தால், மீதி இரண்டும் சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும். அடுத்த சளிக்கு.

அக்கா அதை விழுங்கவே மாட்டாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் மாத்திரையை இரண்டாகப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளை ஊதிவிட்டு, கூடுகளைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொள்வாள். ஒரு விரல் சிவப்பு, ஒரு விரல் கறுப்பு. "பாருடி, கியூட்டெக்ஸு" என்று ஆட்டிக் காட்டுவாள். தூளின் கசப்பு வாசனை அவள் கையில் ரொம்ப நேரம் இருக்கும்.

சளிக்கு அந்த மாத்திரை ஒன்றுமே செய்யாது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி மருந்து உண்மையாகவே வேண்டியிருந்தபோது நாங்கள் கொடுக்கவும் இல்லை. அம்மா போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. இப்போது சொல்லாவிட்டால் நான் எப்போதும் சொல்ல மாட்டேன்.

அப்போது மாவட்டம் பிரிந்த புதிது. எனக்கு ஒன்பது வயது, நாலாவது படித்தேன். அக்காவுக்குப் பதினாலு, தம்பிக்கு ஐந்து. நாங்கள் இருந்தது வரிசையாக ஆறு வீடு, ஆறு வீட்டுக்கும் ஒரே கைப்பம்பு. கடைசி வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் வேலை. நாங்கள் அவரை ஊசிக்காரம்மா என்போம்.

எனக்கு அவர்மேல் சந்தேகம். அவர் தோள்பையில் பஞ்சும் ஊசியும் இருக்கும். பக்கத்தில் வந்தால் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். ஊரில் இருப்பவர்களிடம் எல்லாம் ரத்தம் எடுக்கிறாரே, அதை என்ன செய்கிறார்? விற்கிறார் என்றான் எதிர்வீட்டுப் பையன். ஒருநாள் பின்னாலேயே போய் அந்தக் கடை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கறுப்புக் குழாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுச் சாவித் துவாரத்தில் கண் வைத்துப் பார்ப்பவர் மாதிரியே இருந்தது. அன்றிலிருந்து அவர் பம்படிக்கு வந்தால் நான் என் முழங்கையை மறைத்துக்கொள்வேன்.

அந்தச் சித்திரையில்தான் தம்பிக்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் தண்ணி கோத்த கொப்புளம். அம்மா நிலையில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. அப்பா செருப்பில்லாமல் வேலைக்குப் போனார். காய்ச்சல் என்ற வார்த்தையே சொல்லக் கூடாது, ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். வேப்பிலைப் படுக்கை, மோர், இளநீர். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. கொப்புளம் வாடிப் பொருக்கு உதிர்ந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தம்பி எழுந்து உட்கார்ந்து கருவாடு கேட்டான். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். ஒன்றும் கொடுக்காமல் இருந்தால் ஆத்தா தானாக இறங்கிவிடுவாள் என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். அதற்குமேல் அவளிடம் யார் என்ன பேச முடியும்?

அந்தப் பௌர்ணமிக்கு மலை சுற்றக் கூட்டம் வந்தது. அக்கா செங்கம் ரோட்டில் ஒரு சர்பத் கடையில் கிளாஸ் கழுவப் போனாள். டிரம்மில் லாரித் தண்ணீர். அதைத்தான் சர்பத்துக்கும் ஊற்றினார்கள், அதைத்தான் அவளும் குடித்தாள். இரண்டு வாரம் கழித்து அவளுக்கு உடம்பு காய்ந்தது. முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் அதைவிட ஜாஸ்தி, படிப்படியாக ஏறியது. தலைவலி என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நாக்கு வெள்ளையாகத் தடித்திருந்தது. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ துணி மாற்றும்போது அம்மா அவள் வயிற்றில் நாலைந்து சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள்.

"ஆத்தா தம்பிய வுட்டு இவ மேல ஏறிட்டாடி" என்றாள்.

வரிசை முழுக்க அதே பேச்சுதான். வீட்டுக்காரம்மா பம்படியில் நின்று, "சின்னவங்கிட்டருந்து பெரியவளுக்குத் தாவிடுச்சி. ரெண்டையும் ஒரே பாயில படுக்க வச்சா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். தம்பி கதவோரம் நின்று அதைக் கேட்டான். அன்றைக்கே தன் தலையணையை இழுத்துக்கொண்டு போய் அடுப்பு மூலையில் படுத்தான். அவன் மனதில் என்ன விழுந்தது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

ஊசிக்காரம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குடத்தோடு நின்ற அம்மாவை மறித்தார்.

"அக்கா, இது அம்மை இல்ல. தம்பிக்கு கொப்புளத்துல தண்ணி கோத்திருந்துச்சி. இவளுக்கு வெறும் புள்ளி, அமுத்துனா மறையுது. நாள் கணக்கா காய்ஞ்சிக்கினே இருக்குது. ரெண்டும் கிருமிதான், ஆனா இதுக்கு மருந்து குடுக்கணும். ரத்தம் பாக்கணும்."

"நீ இன்னா டாக்டரா?"

"டாக்டர் இல்லக்கா. ஆனா டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி நான்தான் பாக்குறேன்."

"ரெண்டும் கிருமின்னுதான நீயே சொன்ன? ஒண்ணுக்கு மருந்து வேணாம், ஒண்ணுக்கு வேணுமா? இன்னாமா கத வுடுற?"

"ரெண்டும் வேற ஜாதிக்கா. தம்பிக்கு வந்தது வைரஸு. அதுக்கு சொந்தமா அடுப்பு கெடையாது, சட்டி கெடையாது. நம்ம உடம்புக்குள்ள பூந்து நம்ம அடுப்புலயே ஆக்கித் தின்னும். மருந்து போட்டு அடுப்ப ஒடச்சா நம்ம அடுப்புதான் ஒடயும். அதான் உடம்பே பாத்து அத வெரட்டட்டும்னு வுடுறது. இவளுக்கு இருக்கறது பாக்டீரியான்னு நெனைக்கிறேன். அது தனிக் குடித்தனம். சொந்த அடுப்பு, சொந்த சட்டி. மருந்து போயி அதோட அடுப்ப மட்டும் ஒடச்சிரும். அத சும்மா வுட்டா உள்ள குடலையே ஓட்ட போட்டுரும்."

பம்படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மா, "ஏம்மா, அதுங்க வாடக குடுக்குதா இல்லியா?" என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை. "இதெல்லாம் நீ அந்தக் கொழாயில பாத்தியா?"

"பாக்டீரியாவப் பாத்திருக்கேன். குச்சி குச்சியா ஓடும். வைரஸு எங்க லென்ஸ்லயே தெரியாது. அவ்ளோ சின்னது."

"கண்ணுக்குத் தெரியாதத இருக்குதுங்குற. நாங்களும் அதத்தான சொல்றோம்? உன்னுத மட்டும் நெசம், எங்க ஆத்தா பொய்யா?"

அம்மா குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் ஜெயித்தவள்போல அவள் பின்னால் நடந்தேன். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அம்மா குடத்தை இறக்காமல் அப்படியே நின்றாள். அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா என்னை இளநீர் வாங்கி வரச் சொல்லித் தேரடி வரைக்கும் அனுப்பினாள். பக்கத்துத் தெருவிலேயே இளநீர் இருந்தது. தேரடிதான் என்றாள். திரும்பி வந்தபோது வீட்டில் வேப்பிலை வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனை. ஸ்பிரிட். அக்காவின் முழங்கை மடிப்பில் ஒரு சின்னப் பஞ்சு, நடுவில் காய்ந்த ரத்தம்.

"இன்னாக்கா இது?"

"எறும்பு கடிச்சிச்சி" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நானும் இல்லாத, அம்மாவும் இல்லாத நேரம் பார்த்து ஊசிக்காரம்மா உள்ளே நுழைந்து ரத்தம் திருடிவிட்டார். அம்மாவே அவரைக் கூப்பிட்டிருப்பாள் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஆத்தா வந்த வீட்டில் ஊசி போட விட்டாள் என்று தெரிந்தால் வரிசையில் யாரும் அவளிடம் பேச மாட்டார்கள். அதனால் அப்பாவிடம்கூட மறைத்திருக்கிறாள். இதெல்லாம் இப்போது யோசித்துக் கோத்தது. அப்போது எனக்கு ஒரே பயம்தான். ரத்தம் போனது அம்மாவுக்குத் தெரிந்தால், வாசலைப் பார்த்துக்கொள்ளாத எனக்குத்தான் அடி விழும். நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அம்மா மாரியம்மன் கோயிலுக்குத் தீர்த்தம் வாங்கப் போனாள். போகும்போது வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னாள். "யாரு வந்தாலும் உள்ள வுடாத. வெளியாளு வாசப்படி தாண்டக் கூடாது." நான் கையில் ஒரு வேப்பங்கொத்தோடு படியில் உட்கார்ந்தேன்.

ஊசிக்காரம்மா வந்தார். தோளில் ஊருக்குப் போகிற பை.

"அம்மா எங்கடி?"

"கோயிலுக்கு."

"எப்ப வரும்?"

"தெரியாது. நீ உள்ள வரக் கூடாது."

"வரல, தாயே. இந்தா, இத அம்மா கையில குடு. கீழ்பென்னாத்தூர்ல எங்கம்மாவுக்கு ரொம்ப முடியலியாம், நான் பஸ்ஸப் புடிக்கணும். மறக்காத, இன்னிக்கே குடுக்கணும். அக்காவ இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவச் சொன்னேன்னு சொல்லு. இன்னா, சொல்லுவியா?"

தலையை ஆட்டினேன். அவர் நாலடி போய், திரும்பி வந்து, "சொல்லுவல்ல?" என்று மறுபடியும் கேட்டார். அதற்கும் ஆட்டினேன்.

மெல்லிய சீட்டு. அச்சடித்த இங்கிலீஷ் எழுத்து, நடுவில் நீல மசியில் ஏதோ நம்பர். அக்காவிடம் திருடின ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. இதைக் கொடுத்தால் ரத்தம் போன கதையும் வெளியே வரும். அக்காவை வீட்டை விட்டுத் தூக்கிப் போகச் சொல்கிறாரே, எதற்கு? மிச்ச ரத்தத்தையும் எடுக்கவா? சீட்டை இரண்டாக மடித்தேன். நாலாக மடித்தேன். சுண்டுவிரல் அளவுக்கு வரும்வரை மடித்துக்கொண்டே போய், கதவுக்கட்டை நுழைகிற சுவர்ப் பொந்துக்குள் தள்ளிவிட்டேன்.

அம்மா வந்தாள். தீர்த்தச் சொம்பைக் கீழே வைக்கும் முன்னே கேட்டாள்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலம்மா."

"நல்லா யோசிச்சி சொல்லு. யாரும் வரல?"

"இங்கதாம்மா குந்திக்கினு இருந்தேன். ஒருத்தரையும் வுடல."

அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். முகம் தெளிந்ததுபோல இருந்தது. சீட்டு வரவில்லை என்றால் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பாள். இது ஆத்தாதான், இறங்கிவிடுவாள் என்று நினைத்திருப்பாள். மறுநாளும் அதே கேள்வி. அதே பதில்.

நாலாம் நாள் காலையில் ஊசிக்காரம்மா பையை இறக்காமலே எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார். "இன்னும் கூட்டிக்கினு போவலியா?" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. அம்மா அவரை இழுத்துக்கொண்டு பம்படிக்குப் போனாள். இரண்டு பேரும் மெதுவாகப் பேசினார்கள். ஒரு தடவை அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ கீழே போட்டுவிட்டு, உடைந்ததா என்று பார்ப்பவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

அன்றைக்கு அக்காவின் வயிறு பலகை மாதிரி இருந்தது. தொட்டால் முனகினாள். ஊசிக்காரம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார், யாரும் தடுக்கவில்லை. அவரும் அப்பாவும் அக்காவை ஆட்டோவில் ஏற்றினார்கள். அவள் முடியில் வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. கையை வெளியே நீட்டி என்னைக் கூப்பிடுவதுபோல ஆட்டினாள். நான் நிலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பொட்டலமாகத்தான் கொண்டுவந்தார்கள். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். காரியம் முடிந்தபின் நான் சுவர்ப் பொந்தில் விரலை விட்டுப் பார்த்தேன். சீட்டு இல்லை. எலி இழுத்துப் போயிருக்கும் என்று நம்பிக்கொண்டேன். அது ஏதோ பில்தான் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வரிசையில் பழி முழுக்க ஊசிக்காரம்மா மேல் விழுந்தது. ஆத்தா இருந்த உடம்பை ஆஸ்பத்திரிக்குத் தூக்கியதால்தான் போய்விட்டாள் என்றார்கள். அவர் கதவில் கரியால் ஊசிப் படம் வரைந்து குறுக்கே கோடு போட்டவள் நான்தான். அம்மா ஈரத்துணி கொண்டுபோய் அதைத் துடைத்தாள். யார் வரைந்தது என்று கேட்கவில்லை. அடுத்த மாதமே ஊசிக்காரம்மா வீட்டைக் காலி செய்தார்.

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. வளர்ந்தபின் வேங்கிக்காலில் ஒரு சின்ன கிளினிக்கில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அங்கே டாக்டரம்மா தினமும் யாரையாவது திட்டுவார். "சளிக்கு எதுக்கு ஆன்டிபயாட்டிக் கேக்குறீங்க? சளி வைரஸு. இந்த மருந்து பாக்டீரியாவத்தான் கொல்லும். சும்மா ரெண்டு ரெண்டா வாங்கித் தின்னா, நாளைக்கு நெசமா வேணும்போது வேலை செய்யாது." துடைப்பத்தோடு நின்று கேட்ட முதல் நாள் எனக்கு அடுப்பும் சட்டியும் ஞாபகம் வந்தது. சில வைரஸுக்கு இப்போது மருந்து இருக்கிறதாம். ஆனால் எங்கள் அப்பா வாங்கியது அது இல்லை. அக்காவுக்கு வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பார்கள், எப்படிக் குணமாக்குவார்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அது டைபாய்டு, நேரத்தோடு வந்திருந்தால் மருந்திலேயே போயிருக்கும் என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாமேல் பாய்ந்தேன்.

"அது அம்மையே இல்ல. டைபாய்டு. மாத்திரையில போயிருக்கும். வேப்பிலைய வச்சிக்கினு குந்திக்கினு இருந்தியே, நீதாம்மா அவளச் சாவடிச்ச."

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஆமாண்டி. நான்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் எத்தனையோ சண்டையில் அதையே எடுத்து அவள்மேல் எறிந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன்னிடமிருந்துதான் அக்காவுக்குத் தாவியது என்று அவன் முடிவுகட்டிவிட்டான். இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு தும்மல் வந்தால் போதும், பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். என் மகளை அவன் தூக்கியதே இல்லை. உன்னால் இல்லை, உன் கிருமி வேறு, அவள் கிருமி வேறு, அது இதுவாக மாறாது என்று நான் கிளினிக்கில் கற்றதை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "என்ன சமாதானப்படுத்தறதுக்கு சொல்ற. ரத்தம் எடுத்து யாரு பாத்தாங்க? பாத்தமாதிரி பேசற" என்பான். அம்மாவும் அவனிடம் எத்தனையோ தரம், "உன்னால இல்லடா கண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். எப்படித் தெரியும் என்று அவன் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவாள். அம்மா எதையோ மறைக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் அக்காவின் தாவணி. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் சுண்டுவிரல் அளவு மடித்த ஒரு காகிதம்.

என் மடிப்பு எனக்குத் தெரியாதா?

பிரித்தேன். மடிப்பு ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. நீல மசி வெளுத்துவிட்டது. முன்பக்கம் இங்கிலீஷ், அக்கா பெயரும் நம்பரும். பின்பக்கம் திருப்பினால் தமிழ். எங்கள் வீட்டில் யாராவது படித்துச் சொல்லட்டும் என்று ஊசிக்காரம்மா பெரிது பெரிதாக எழுதியிருந்தார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நாலாவது படித்த எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரே ஒரு தடவை திருப்பியிருந்தால் வாசற்படியில் உட்கார்ந்தே படித்திருப்பேன்.

ஊசிக்காரம்மா ஊரிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே அம்மா தேடி அதைப் பொந்திலிருந்து எடுத்திருக்கிறாள். அதைக் காட்டியிருந்தால் தம்பிமேல் இருந்த பாரம் இறங்கியிருக்கும். அது என்மேல் ஏறியிருக்கும். அதனால் யாரிடமும் காட்டாமல், "நான்தான்" என்று தன்மேல் போட்டுக்கொண்டாள். நான் ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அவளைத்தான் அதிகமாகச் சந்தேகப்பட்டேன்.

இருபது நாளுக்கு மேல் அந்தக் கவரை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தேன். கிழித்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை அடுப்புவரைக்கும் கொண்டுபோனேன். நேற்று தம்பிக்கு மூக்கு ஒழுகியது. என் மகள், "மாமா, தூக்கு" என்று கையை நீட்டினாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தான்.

நான் கவரை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"இன்னாக்கா இது?"

"பின்னாடி திருப்பிப் படிடா."

அவன் வெளிச்சத்துக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படித்தான். "அக்கா, இது டைபாய்டு. தம்பிக்கு வந்தது வேற, இது வேற. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க." முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான். 'தம்பிக்கு வந்தது வேற' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றான். அவன் தோள் இறங்குவதை நான் பார்த்தேன்.

அப்புறம் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"இது ஏன்க்கா இத்தினி மடிப்பா இருக்குது?"

"அம்மா கேட்டப்ப யாரும் வரலன்னு சொன்னேன்டா. வந்தாங்க. நான்தான் மடிச்சேன்."